‘3 மட்டுமே உள்ளது’ என்று எப்போது காட்டலாம், எந்த எண்ணைக் காட்டலாம்?

ஏத்தன்குலை — கேள்வி

வணக்கம். மார்த்தாண்டத்தில் கடை, கூடவே வூகாமர்ஸில் (வேர்ட்பிரஸ் தளத்தைக் கடையாக்கும் ப்ளகின்) இணையக் கடை. சரக்கு நாலே வகைதான்: ஏத்தங்காய் சிப்ஸ், சர்க்கரை வரட்டி, தேன், கருப்பட்டி. இணைய ஆர்டரில் பாதிக்கு மேல் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகிறது, பாறசாலை தொடங்கி திருவனந்தபுரம் வரை. ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம்தான் பெரிய ஓட்டம்.

சரக்கு குறையும்போது வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும் என்று இன்வென்டரி செட்டிங்ஸில் ‘குறையும்போது மட்டும் காட்டு’ என்பதைப் போட்டிருக்கிறேன். இப்போது நான்கு இடத்தில் இடிக்கிறது.

லோ ஸ்டாக் வரம்பை, அதாவது சரக்கு குறைகிறது என்று சொல்லும் எண்ணை, 80 என்று வைத்தேன், அப்போதுதான் காய் வாங்க நேரத்தோடு மெயில் வரும். ஆனால் சிப்ஸ் பக்கத்தில் ‘80 மட்டுமே உள்ளது’ என்று வருகிறது.

பக்கத்தில் ‘2 மட்டுமே’ என்று இருக்கும். கூடையில் போட்டுப் பணம் கட்டப் போனால் ‘போதிய சரக்கு இல்லை’ என்று தடுக்கிறது.

தேன் ஒரே டிரம்மிலிருந்து கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ பாட்டிலாக நிறைக்கிறோம். இருப்புக் கணக்கு கோணலாகிறது.

கடைக் கவுண்டரில் போகும் சரக்கும் இணையச் சரக்கும் ஒன்றே. பில் மெஷினுக்கும் தளத்துக்கும் தொடர்பு கிடையாது. இதற்காக அவுட் ஆஃப் ஸ்டாக் வரம்பை (பொருளைத் ‘தீர்ந்தது’ என்று காட்டும் எண்) 5 என்று வைத்திருக்கிறேன், கைக்காவலுக்கு.

இதோடு ஒன்று: ‘இப்போது 14 பேர் இதைப் பார்க்கிறார்கள்’ என்று காட்டும் ப்ளகின் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

---

சரக்கறை

அண்ணாச்சி, முதல் சிக்கலிலிருந்து தொடங்குவோம், மற்றவற்றில் பாதிக்கு அதுதான் வேர்.

கடைக்காரருக்கு ஒரு எண் வேண்டும், வாங்குபவருக்கு இன்னொரு எண் வேண்டும். வூகாமர்ஸ் இரண்டுக்கும் ஒரே கட்டத்தைத்தான் வைத்திருக்கிறது. உங்களுக்கு மெயில் அனுப்புவதும் அந்த லோ ஸ்டாக் வரம்பைப் பார்த்துத்தான், பக்கத்தில் ‘மட்டுமே’ என்று எழுதுவதும் அதைப் பார்த்துத்தான். எதுவும் மாற்றாமல் விட்டால் அது 2. இரண்டு வேலைக்கும் 2 சரிப்படாது.

உங்கள் எண்ணை இப்படிப் போடுங்கள்: ஒரு நாள் விற்பனை × சரக்கு வந்து சேரும் நாள் + தாங்கு சரக்கு. தினம் 12 பாக்கெட் போகிறது, காய் வாங்கி, வறுத்து, பேக் செய்ய 5 நாள், தாங்கலுக்கு 20 என்றால் 12 × 5 + 20 = 80. ஆக நீங்கள் வைத்த 80 தப்பே இல்லை. அது வாங்குபவர் கண்ணில் படுவதுதான் தப்பு.

வாங்குபவருக்கான எண் வேறு கேள்விக்குப் பதில்: ‘எனக்கு வேண்டியது இதில் கிடைக்குமா?’ ஆகவே ஒரு ஆர்டரில் பொதுவாக எத்தனை எடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். கடைசி 100 ஆர்டரை எக்ஸ்போர்ட் செய்து, ஒவ்வொரு சரக்குக்கும் எண்ணிக்கையை ஏறுவரிசையில் அடுக்கினால் 90-ஆவது ஆர்டரில் நிற்கும் எண்தான் வரம்பு. ஒரு கிலோ தேன் பெரும்பாலும் ஒன்று, சிலர் இரண்டு எடுப்பார்கள். அதற்கு 2 போதும். சிப்ஸ் ஓணத்துக்கு ஐந்தாறு பாக்கெட்டாகப் போகும், அங்கே 6. அதற்கு மேல் இருப்பு இருக்கும்போது எண்ணைச் சொல்வதில் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை. எல்லாப் பொருளிலும் சிவப்பு எழுத்து நின்றால் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும், உண்மையிலேயே தீரப்போகிற பொருளுக்கும் மதிப்பு போய்விடும்.

அமைப்பது இப்படி. லோ ஸ்டாக் கட்டத்தை உங்களுக்கே வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பொருளின் இன்வென்டரி டேபிலும் தனித்தனியாகப் போடலாம். ஸ்டாக் காட்டும் முறையை ‘ஒருபோதும் எண்ணைக் காட்டாதே’ என்று மாற்றுங்கள். பிறகு பொருளுக்கு ‘வாங்குபவர் வரம்பு’ என்று ஒரு தனிக் கஸ்டம் ஃபீல்டு (நீங்களே சேர்க்கும் கட்டம்). வூகாமர்ஸின் அவைலபிலிட்டி டெக்ஸ்ட் ஃபில்டரில் (இருப்பு வாசகத்தை மாற்ற விடும் இடம்) பத்துப் பன்னிரண்டு வரி நிரல் எழுதினால் போதும்: ஸ்டாக் மேனேஜ் ஆகிறதா, பேக்ஆர்டர் (இருப்பு இல்லாமலும் ஆர்டர் ஏற்பது) அணைந்திருக்கிறதா, இருப்பு இந்த வரம்புக்குள் வந்துவிட்டதா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் உங்கள் வாசகத்தைத் திருப்பித் தர வேண்டும். அந்த நிரலைத் தாய்த் தீமில் எழுத வேண்டாம், அடுத்த அப்டேட்டில் போய்விடும். சைல்டு தீமிலோ (தாய்த் தீமின் மேல் நீங்கள் வைக்கும் தனி அடுக்கு) ஸ்னிப்பட் ப்ளகினிலோ (சிறு நிரல்களைச் சேர்க்கும் ப்ளகின்) வையுங்கள்.

‘ஒருபோதும் காட்டாதே’ என்று மாற்றாமல் ஃபில்டரை மட்டும் போட்டால் பொருள் பக்கம் சரியாகிவிடும். ஆனால் கார்ட் பிளாக் (கூடைப் பக்கத்தின் பிளாக் வடிவம்) பயன்படுத்துகிற கடைகளில் கூடையில் ‘80 மீதம்’ பட்டை அப்படியே நிற்கும். அது இந்த ஃபில்டரைக் கேட்காது, செட்டிங்கைத்தான் கேட்கும்.

இன்னொன்று, ஓணக் கடைக்கு இது முக்கியம். தினசரி விற்பனையைப் போன வருடத்து அதே மாதத்திலிருந்து எடுக்காதீர்கள். திருவோணம் 2025-இல் செப்டம்பர் 5, 2026-இல் ஆகஸ்ட் 26. பத்து நாள் முன்னே வருகிறது. ஓணம் தொடங்கும் அத்தத்திலிருந்து திருவோணம் வரை எண்ணி, அந்த நாட்களோடு அந்த நாட்களை ஒப்பிடுங்கள். செப்டம்பரை செப்டம்பரோடு வைத்துப் பார்த்தால் மெயில் வரும்போது காய்ச்சந்தையில் விலை ஏறியிருக்கும்.

---

தொடுவெட்டி

இரண்டாவது சிக்கலுக்கு: பக்கம் காட்டும் 2 என்பது அலமாரி எண்ணிக்கை. அதில் ஏற்கெனவே வேறு யாரோ பிடித்து வைத்திருப்பது கழிக்கப்படவில்லை.

ஒருவர் ஆர்டர் போட்டு யூபிஐ ஆப்புக்குப் போகிறார். பணம் வரும்வரை அந்த ஆர்டர் ‘பெண்டிங் பேமென்ட்’. ஸ்டாக் இன்னும் குறையாது, ஆனால் அவருக்காக ஒதுக்கப்பட்டிருக்கும். ‘ஹோல்டு ஸ்டாக்’ கட்டத்தில் உள்ள நிமிடம்வரை அந்த ஒதுக்கீடு நிற்கும், மாற்றாவிட்டால் 60 நிமிடம். அவர் பாதியில் விட்டுப் போனாலும் அந்த ஒரு மணி நேரமும் பக்கம் ‘2’ என்றே சொல்லும், கூடையோ ஒதுக்கியதைக் கழித்துப் பார்த்து மறுக்கும். இரண்டும் தனித்தனியே சரி, சேர்த்துப் பார்க்கும் வாங்குபவருக்குத்தான் ஏமாற்றம்.

சரக்கறை சொன்ன ஃபில்டரில் இருப்பை நேராக எடுக்காமல், வூகாமர்ஸிலேயே உள்ள ‘ஹெல்டு ஸ்டாக் குவான்டிட்டி’ ஃபங்ஷனைக் கூப்பிட்டு அதைக் கழித்த எண்ணைக் காட்டுங்கள். கழித்து 0 வந்தால் ‘தீர்ந்தது’ என்று போடக் கூடாது, ஏனென்றால் கால் மணியில் திரும்ப வரலாம். ‘கடைசிப் பாட்டில்கள் வேறு ஆர்டரில் உள்ளன, சற்று நேரத்தில் பாருங்கள்’ என்று போடலாம்.

ஹோல்டு நேரத்தை 60-லிருந்து 20-க்குக் குறைக்கலாம். 5 என்று வைக்காதீர்கள். ஆர்டர் கேன்சல் ஆன பிறகு பணம் வந்து சேர்ந்தால் அந்த ஆர்டர் மறுபடி உயிர்பெறும், அதற்குள் அதே பாட்டிலை இன்னொருவர் வாங்கியிருப்பார், இருப்பு மைனஸில் போகும். கட்டத்தைக் காலியாகவும் விடாதீர்கள். காலி என்றால் பெண்டிங் ஆர்டர் தானாகக் கேன்சல் ஆகவே ஆகாது. தானாகக் கேன்சல் செய்யும் வேலையை வேர்ட்பிரஸ் கிரான் (குறித்த நேரத்து வேலைகளைத் தானே ஓட்டும் வசதி) பார்க்கிறது, யாராவது தளத்துக்கு வந்தால்தான் அது ஓடும். ஹோஸ்டிங் பேனலில் 5 நிமிடத்துக்கு ஒரு நிஜக் கிரான் வையுங்கள்.

அடுத்து கேஷ் (cache), அதாவது வேகத்துக்காகப் பக்கத்தை ஒருமுறை சேமித்து எல்லோருக்கும் அதையே காட்டுவது. பெரும்பாலான கடைகளில் இந்த எச்சரிக்கை பொய்யாவது இங்கேதான். முழுப் பக்கக் கேஷ் போட்டிருந்தால் காலை பத்து மணிக்குச் சேமித்த ‘5 மட்டுமே’ சாயங்காலம் வரை நிற்கும். உள்ளே இருப்பு 0 ஆகியிருக்கும், அல்லது புதிதாக 60 ஏற்றியிருப்பீர்கள். லைட்ஸ்பீட் கேஷ் போன்ற ப்ளகினில் இருப்பு எண்ணிக்கை மாறினாலே அந்தப் பொருள் பக்கத்தைக் கேஷிலிருந்து நீக்கும் செட்டிங் இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். முன்னால் சிடிஎன் (பக்கத்தின் நகலைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) இருந்தால் அது தனியாகச் சேமித்து வைக்கும், அங்கேயும் நீக்க வேண்டும். ஓண வாரத்தில் நிமிடத்துக்கு நிமிடம் நீக்கினால் கேஷ் இருந்தும் இல்லாதது போலாகி, தளம் மந்தமாகும். அந்த நேரத்துக்கு எண்ணைப் பக்கத்தில் எழுதாமல், பக்கம் திறந்த பிறகு சின்ன ஸ்கிரிப்ட் போய் எடுத்து வருவது நல்லது. அந்த ஸ்கிரிப்ட் கேட்கும் முகவரியின் பதிலை 30 வினாடி சேமித்து வைத்தால் சர்வருக்கும் சுமை இல்லை. பதில் வராவிட்டால் எதுவும் காட்டாமல் விடுங்கள், பழைய எண்ணை மட்டும் காட்டாதீர்கள்.

---

ஏத்தன்குலை

நன்றி, இரண்டும் விளங்கியது. கவுண்டருக்காக வைத்த அந்த 5? அது இருக்கட்டுமா?

---

சரக்கறை

எடுத்துவிடுங்கள். அது நீங்கள் நினைக்கிற காவலைத் தராது.

அவுட் ஆஃப் ஸ்டாக் வரம்பு 5 என்றால், இருப்பு 5-ஐத் தொட்டதும் பொருள் ‘தீர்ந்தது’ ஆகும். சரி. ஆனால் இருப்பு 6 இருக்கும்போது ஒருவர் 6 கேட்டால் வூகாமர்ஸ் கொடுத்துவிடும். போதுமா என்று பார்க்கும்போது மொத்த இருப்பைத்தான் பார்க்கிறது, வரம்பைக் கழிப்பதில்லை. கடைசி ஆர்டர் பெரிதாக வந்தால் காவல் 5-ம் அதிலேயே போகும், ஓணத்துக்கு வரும் ஆர்டர்கள் பெரிதாகத்தான் இருக்கும். மறுபுறம், பக்கம் ‘6 மட்டுமே’ என்கிறது, ஒருவர் ஒன்று வாங்கியதும் ‘தீர்ந்தது’ என்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவர் என்ன நினைப்பார்?

வரம்பை 0-வில் வைத்து, சரக்கையே பிரியுங்கள். இணையத்துக்கு ஒரு தனி ரேக். காலையில் அந்த ரேக்கில் எண்ணி வைத்ததுதான் தளத்தில் ஏற வேண்டிய எண். கவுண்டரில் கூட்டம் வந்தால் அந்த ரேக்கில் கை வைக்கக் கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் முதலில் தளத்தில் குறைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸாப்பில் வரும் ஆர்டரையும் நோட்டில் மட்டும் எழுதாமல் அட்மினில் ஆர்டராகப் போட்டு ‘ப்ராசஸிங்’ வையுங்கள், இருப்பு தானாகக் குறையும்.

திரும்பி வரும் கேஷ் ஆன் டெலிவரி பார்சலையும் கவனியுங்கள். ஆர்டரைக் ‘கேன்சல்டு’ என்று மாற்றியதும் வூகாமர்ஸ் இருப்பை ஏற்றிவிடும். ஊர் சுற்றி வந்த சிப்ஸ் பாக்கெட்டை மறுபடி விற்கப் போவதில்லையே. கேன்சல் போட்ட கையோடு எண்ணைக் குறைக்காவிட்டால், இல்லாத பாக்கெட்டுக்காக எச்சரிக்கை மறைந்துபோகும்.

---

நுகர்வோர்_பக்கம்

ப்ளகின் கேள்விக்கு: போடாதீர்கள். அந்த 14 பேர் உண்மையில் இல்லை. அந்த வகை ப்ளகின்களில் ‘குறைந்தது 8, அதிகம் 25’ என்று நீங்கள் கொடுக்கும் எல்லைக்குள் ஏதோ ஒரு எண்ணை எடுத்துக் காட்டும் வசதியே இருக்கும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் இணைய வடிவமைப்பு) தடுப்பு வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. அதில் 13 வகை ஏமாற்று உத்திகள் பெயர் சொல்லிப் பட்டியலிடப்பட்டுள்ளன. பட்டியலில் முதலாவதே பொய் அவசரம்: இல்லாத அவசரத்தையோ தட்டுப்பாட்டையோ சொல்லி அல்லது உணர்த்தி, உடனே வாங்கவைப்பது. ‘2 அறைகள் மட்டுமே, 30 பேர் இப்போது பார்க்கிறார்கள்’ என்ற மாதிரி வாசகத்தையே அங்கே உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தளங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், விற்பவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும் சேர்த்தே. 2025 ஜூனில் மின்வணிகத் தளங்கள் 3 மாதத்துக்குள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள வேண்டும் என்றும் ஆணையம் அறிவுறுத்தியது. வாங்குபவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் நேராகப் புகார் சொல்லலாம். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரமும் இதே கணக்குதான்.

சரக்கறை சொன்ன தனி ரேக் யோசனையில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ரேக்கில் 3, கவுண்டருக்குப் பின்னால் 60 பாக்கெட். பக்கத்தில் ‘3 மட்டுமே உள்ளது’ என்று எழுதினால் எண் சரி, வாசகம் பொய். கடையில் இருப்பதே 3 என்றுதான் படிப்பவருக்குத் தோன்றும்.

---

சரக்கறை

ஒப்புக்கொள்கிறேன், வாசகத்தை மாற்ற வேண்டும். ‘இன்று அனுப்ப 3 பாக்கெட் தயார். அடுத்த பேக்கிங் வியாழன்.’ எண்ணும் ரேக்கும் பொருந்துகிறது, வியாழன் மறுபடி கிடைக்கும் என்பதையும் மறைக்கவில்லை. அவசரம் உள்ளவர் இப்போது எடுப்பார், இல்லாதவர் வியாழன் வருவார். அப்படி வருபவர் இழப்பு அல்ல.

இதில் சிப்ஸையும் தேனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சிப்ஸ் எண்ணெய்ச் சட்டி சூடானால் வரும் சரக்கு. அதற்கு ‘மட்டுமே’ என்ற சொல்லே பொருந்தாது, அடுத்த வறுவல் என்றைக்கு என்பதுதான் சேதி. தேன் அப்படியல்ல. நம் பக்கத்து ரப்பர்த் தோட்டத் தேன் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் பெருவாரியாகக் கிடைக்கும், டிரம் தீர்ந்தால் அடுத்த பருவம். அங்கே ‘இந்தப் பருவத் தேன், 2 பாட்டில் மீதி’ என்று தாராளமாக எழுதலாம், உண்மையாக இருக்கும்வரை.

---

அளவுப்பாட்டில்

தேன் டிரம் கணக்கு கோணலாவதன் காரணம்: நீங்கள் இருப்பைத் தாய்ப் பொருளில் (எல்லா அளவையும் அடக்கிய பொதுப் பொருள்) வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் எல்லா அளவும் ஒரே எண்ணைப் பகிரும், எதை விற்றாலும் 1 குறையும். ஒரு கிலோ போனாலும் 1, கால் கிலோ போனாலும் 1.

சுலப வழி, ஒவ்வொரு அளவிலும் தனி இருப்பு. வாரம் ஒரு நாள் நிறையுங்கள். 40 கிலோ இருக்கிறது என்றால் ஒரு கிலோவில் 12, அரைக் கிலோவில் 32, கால் கிலோவில் 32. கூட்டினால் 12 + 16 + 8 = 36. மிச்சம் 4 கிலோவை டிரம்மிலேயே விடுங்கள், எது முதலில் தீர்கிறதோ அதற்கு நிறைக்கலாம். மூன்று அளவுக்கும் தனி வரம்பு, தனி எச்சரிக்கை. உங்கள் கடைக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

டிரம் கணக்காகவே வைக்க விரும்பினால் தாய்ப் பொருளின் இருப்பைக் கால் கிலோ அலகாகப் போடுங்கள். 40 கிலோ என்றால் 160. ஆர்டர் ஐட்டம் குவான்டிட்டி என்ற ஃபில்டரில் ஒரு கிலோவுக்கு 4, அரைக் கிலோவுக்கு 2, கால் கிலோவுக்கு 1 என்று பெருக்க வேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டாக் குறைக்கும்போது பெருக்கும், கூடை போதுமா என்று பார்க்கும்போது பெருக்காது. மீதி 3 அலகு, அதாவது முக்கால் கிலோ இருக்கையில் 3 ஒரு கிலோ பாட்டிலை அது ஏற்றுக்கொள்ளும். கூடைச் சரிபார்ப்பிலும் நிரல் எழுத வேண்டும். எச்சரிக்கை எண்ணையும் ஒரு கிலோவுக்கு 4-ஆல், அரைக் கிலோவுக்கு 2-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, முழு எண்ணாகக் காட்ட வேண்டும். 7 அலகு என்றால் ஒரு கிலோ பாட்டில் 1, அரைக் கிலோ 3. இதில் ஒன்றை விட்டாலும் மறுபடி கோணல்தான்.

---

ஏத்தன்குலை

தனி அளவு, தனி இருப்பு. அதையே செய்கிறேன். அவுட் ஆஃப் ஸ்டாக் வரம்பை 0 ஆக்கிவிட்டேன். கடைசியாக ஒன்று: எழுத்தை எங்கே வைப்பது? மலையாளத்திலும் வேண்டுமே.

---

தொடுவெட்டி

விலைக்குக் கீழே, எண்ணிக்கைக் கட்டத்துக்கு மேலே. ‘கூடையில் சேர்’ பட்டனுக்குக் கீழே வைத்தால் போனில் திரைக்கு வெளியே போய்விடும். தமிழ் எழுத்து 14 பிக்சலுக்குக் குறைந்தால் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும், மலையாளத்துக்கும் அதே. சிவப்பு மட்டும் போட்டு நிறத்தாலேயே சொல்லாதீர்கள், வாசகமே சேதியைச் சொல்லட்டும். பின்னணிக்கும் எழுத்துக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கட்டும்.

மலையாளத்துக்கு வாசகத்தைத் துண்டு துண்டாக ஒட்டாதீர்கள். ‘இன்று அனுப்ப’ ஒரு துண்டு, எண் ஒரு துண்டு, ‘தயார்’ ஒரு துண்டு என்று வைத்தால் மொழிபெயர்ப்பவர் கையில் சொல் வரிசை உடையும். எண்ணுக்கும் கிழமைக்கும் இடம்விட்ட ஒரே முழு வாக்கியமாகக் கொடுங்கள், அலகுச் சொல்லும் அதற்குள்ளேயே இருக்கட்டும். பாக்கெட்டுக்கு ஒரு வாக்கியம், பாட்டிலுக்கு ஒரு வாக்கியம், கருப்பட்டிச் சிப்பத்துக்கு ஒன்று. மூன்றே வாக்கியம், இரண்டு மொழி, ஆறு வரி வேலை. பாறசாலைக்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

ஏற்றும் முன் சோதிக்க: ஒரு பொருளின் இருப்பை 3 ஆக்கி, வாங்குபவர் வரம்பையும் 3 ஆக்குங்கள். ஒரு போனில் 2 எடுத்துப் பணம் கட்டும் திரையோடு நிறுத்துங்கள். லாகின் செய்யாத இன்னொரு போனில் பக்கத்தைத் திறந்தால் 1 என்று வர வேண்டும். 3 வந்தால் கேஷ் அல்லது ஒதுக்கீடு, இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. முதல் போனை அப்படியே 20 நிமிடம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள், 3-க்குத் திரும்பியிருக்க வேண்டும். பிறகு இருப்பை 60 ஆக்குங்கள், எச்சரிக்கை உடனே மறைய வேண்டும். அட்மின் லாகினில் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள், லாகின் ஆனவருக்குக் கேஷ் பெரும்பாலும் வேலை செய்யாது, எல்லாம் சரியாகவே தெரியும்.

---

ஏத்தன்குலை

செய்து பார்த்தேன். இரண்டாவது போனில் 3 என்றே நின்றது. கேஷ் காரணம் இல்லை, ஒதுக்கீட்டைக் கழிக்கும் வரியில் தாய்ப் பொருளைக் கொடுத்திருந்தேன். அந்தந்த அளவைக் கொடுத்ததும் 1 என்று வந்தது. இருபது நிமிடம் கழித்து 3.